நகை கடைசியில்: மொரோவைப் பார்த்து வாட்டர்கலர் பழகுவது

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மொரோவின் ‘தோற்றம்’ ஓவியத்தை முதலில் பார்ப்பவர்கள் ஆயில் பெயின்டிங் என்றுதான் நினைப்பார்கள். அது 1876இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்ட வாட்டர்கலர். உயரம் ஒரு மீட்டருக்கும் மேல். பைபிள் கதையில் யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட சலோமி, ஏரோது மன்னனின் அரண்மனையில் கையை நீட்டி நிற்கிறாள். எதிரே அந்தரத்தில், ஒளிவட்டத்தோடு, திருமுழுக்கு யோவானின் வெட்டுண்ட தலை. தூண், சுவர், இடுப்பு என்று எங்கு பார்த்தாலும் பொன்னும் மணியும்.

இந்த ஓவியத்தின் ஒரு பகுதியைப் பார்த்து நாமும் வரையப் போகிறோம். காப்பியடிக்கக் கூச்சமாக இருக்கிறதா? மொரோவே இத்தாலியில் இரண்டு வருஷம் பழைய ஓவியங்களை நகலெடுத்துப் பழகியவர். 1892இல் பேராசிரியரானதும் தன் மாணவர்களை லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு நகலெடுக்க அனுப்பினார். பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர்களான மத்தீஸும் ரூவோவும் அவரிடம் படித்தவர்கள்தான்.

நான் முதல் தடவை நகையில் ஆரம்பித்தேன். இடுப்புப் பட்டையை மணி மணியாக ஒரு மாலை முழுக்கப் போட்டுவிட்டு, அப்புறம் பின்னணிக்கு இருட்டடித்தேன். எல்லாம் கரைந்து சேறாகிவிட்டது. நீங்கள் தலைகீழாகப் போங்கள்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் தாள் (தடிமனான வாட்டர்கலர் தாள்), 8ஆம் எண் பிரஷ், 2ஆம் எண் பிரஷ், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் (அடர்நீலம்), கிரிம்சன் (அடர்சிவப்பு), கொஞ்சம் வெள்ளை கோவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலர்). தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. முழுப் படம் வேண்டாம். தலை, ஒளிவட்டம், சலோமியின் கை, பின்னால் ஒரு தூண் போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நகையெல்லாம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு மட்டும் நிற்கும். அந்த எல்லைகளை மட்டும் பென்சிலில் லேசாக வரையுங்கள்.

2. ஓக்கரை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசுங்கள். தலையைச் சுற்றியும் சலோமியின் கையிலும் மட்டும் வெறும் தாளை விட்டுவிடுங்கள். பூச்சின் ஓரத்தைச் சுத்தமான ஈர பிரஷால் தடவினால் ஒளி பரவினதுபோல் கரைந்து போகும்.

3. இனி இருட்டு. பொறுமை முழுக்க இங்கேதான் வேண்டும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கருப்பு டப்பாவில் கிடைக்காத ஆழமான கருமை வரும். முதல் பூச்சு லைட் டீ மாதிரி, கடைசிப் பூச்சு டிகாஷன் மாதிரி. மொத்தம் நாலு பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரே இடத்தில் தேய்க்காதீர்கள், அடிப்பூச்சு எழும்பிவிடும்.

4. இப்போது நகை. ஒரு சிவப்புக் கல்லை எடுத்துக்கொள்வோம். கிரிம்சன் சொட்டு ஒன்று வையுங்கள். ஈரம் போவதற்குள், பிழிந்த பிரஷ் நுனியால் அதன் கீழ் ஓரத்தில் கொஞ்சம் நிறத்தை ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் மேல் ஓரத்தில் கடுகளவு கோவாஷ். கல்லுக்குள் ஒளி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் தேங்கும் என்பதால், கீழே வெளுத்த அந்த இடம்தான் கல்லைக் கல்லாகக் காட்டும். பொன்னுக்கு ஓக்கர், அடியில் சியன்னா, மேலே ஓக்கர் கலந்த வெள்ளை. பக்கத்திலிருக்கும் இருட்டுதான் அதை மின்ன வைக்கும். கைக்கு அருகே பத்துக் கல்லைத் துல்லியமாகப் போட்டால் போதும். தூரத்தில் வெறும் புள்ளிகள்.

5. தலையிலிருந்து வடியும் ரத்தம்: கெட்டியான கிரிம்சன், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. திருத்தப் போகாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள்.