ஆறாத அல்சரும் ஏறிய கால்சியமும்: எந்தப் பரிசோதனை முதலில்?

மாத்திரையை நிறுத்தியதும் வயிற்றுப்புண் திரும்பி வருகிறது, சிறுநீரகக் கல்லும் இருக்கிறது என்றால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளையும் சோதிக்க வேண்டும். அவை பாராதைராய்டு ஹார்மோனை (பிடிஎச்) அதிகம் சுரந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். இரைப்பையின் ஜி செல்கள் அதை உணர்ந்து காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை வெளிவிடும். காஸ்ட்ரின் அமிலத்தைக் கூட்டும். கால்சியம் ஏறுவது மட்டும் பெரிய புண்ணை உண்டாக்குவது அரிது. காஸ்ட்ரின் சுரக்கும் கட்டியும் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து.

முதலில் கால்சியம், ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), பிடிஎச் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமிலிருந்து 1 கிராம் குறைந்தால் கால்சியத்தோடு 0.8 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். கால்சியம் 10.2, ஆல்புமின் 3 என்றால் உண்மையில் அது 11.0. ரிப்போர்ட்டில் நார்மல் போலத் தெரிந்து பலரை ஏமாற்றும் இடம் இதுதான். கால்சியம் ஏறியிருக்கும்போது பிடிஎச் அடங்கியிருக்க வேண்டும்; 'நார்மல்' அளவில் இருப்பதும் கோளாறே. முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை பிடிஎச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்பதால், மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். பிடிஎச் உண்மையிலேயே குறைவா? கால்சியம் கார்பனேட் ஆன்டாசிட், வைட்டமின் டி மிகை, புற்றுநோய் என்று வேறு காரணம் தேட வேண்டும்.

அடுத்து காஸ்ட்ரின், இரவு முழுக்கப் பட்டினி இருந்து. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் அடக்கும் மாத்திரைகள் காஸ்ட்ரினைத் தாமே ஏற்றிவிடும். வழக்கமாக ஒரு வாரம் நிறுத்துவார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்: காஸ்ட்ரின் கட்டி இருப்பவருக்கு ரத்தக்கசிவோ குடலில் ஓட்டையோ விழலாம். இடைப்பட்ட நாட்களுக்கு ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காஸ்ட்ரின் எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. மில்லிலிட்டருக்கு 1000 பிகோகிராமுக்கு மேல், இரைப்பை பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் எண்) 2-க்குக் கீழ் என்றால் கட்டி ஏறக்குறைய உறுதி. பிஎச் உயர்ந்திருந்தால் இரைப்பைச் சவ்வு தேய்ந்திருக்கலாம். இடைப்பட்ட அளவுகளுக்கு செக்ரெட்டின் ஹார்மோனை ஊசியில் செலுத்திக் காஸ்ட்ரினை அளக்கும் சோதனை உதவும். காஸ்ட்ரின் 120 பிகோகிராம் ஏறினால் பாசிட்டிவ்.

கால்சியம், காஸ்ட்ரின் இரண்டும் உயர்ந்தவர்களுக்கு மென்-1 (பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்) மரபணுச் சோதனை கேளுங்கள். அது உறுதியானால் பாராதைராய்டு அறுவை சிகிச்சையே பெரும்பாலும் முதலில். கால்சியம் இறங்கினாலே காஸ்ட்ரினும் அமிலமும் குறையும். அதன்பின் காஸ்ட்ரினை மறுபடி அளந்து மாத்திரை அளவை மாற்றுவார்கள்.

அறுவைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் கால்சியம் குறைகிறது என்று பொருள், உடனே சொல்லுங்கள். அமிலத்தை அடக்கும் மாத்திரை தொடர்பவர்களுக்குக் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாக உடலில் சேரும்.