திபெத் மருந்து கேன்சர் செல்லை கொன்னுச்சுன்னு செய்தி வந்தா எப்படி படிக்கணும்

எங்க சித்திக்கு மார்பக கேன்சர்னு தெரிஞ்ச வாரமே வாட்ஸ்அப்ல வந்துருச்சு, திபெத் மாத்திரை கேன்சர் செல்லை அழிச்சிடுச்சு, லேப்லயே நிரூபிச்சாச்சுன்னு. கீமோ வேணாம்னு சித்தி அடம் பிடிக்க, நான் உக்காந்து அந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், அப்படி கத்துக்கிட்டது தான் இது.

முதல்ல எதுல டெஸ்ட் பண்ணாங்கன்னு பாருங்க. பத்மா 28னு ஒண்ணு இருக்கு, திபெத் வைத்திய முறைப்படி சுவிட்சர்லாந்துல செய்யறது, உள்ள என்னன்னு பாத்தா கடுக்காய், ஏலக்காய், கிராம்பு, செஞ்சந்தனம், அதிமதுரம், கற்பூரம்னு பாதி நம்ம நாட்டு மருந்துக்கடை சரக்கு. அத ரத்தப் புற்றுநோய் செல்கள்ல போட்டப்போ வளர்ச்சி குறைஞ்சு செல்லு செத்துச்சு, அது உண்மை. ஆனா அது தட்டுல வளக்குற செல்லு, மனுஷன் இல்ல.

அடுத்தது அளவு, இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 96 குழி இருக்குற பிளாஸ்டிக் தட்டுல செல்லு மேல கஷாயத்த நேரா ஊத்துறாங்க, நாம முழுங்குறது வயிறு, குடல், ஈரல் எல்லாம் தாண்டி தான் ரத்தத்துக்கு போகும், அதனால மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம்னு பாத்துட்டு அவ்ளோ ரத்தத்துல சேருமான்னு கேளுங்க. எத்தனை செல்லு செத்துச்சுன்னு பாக்க ஒரு சாயம் போடுவாங்க, செல்லு உயிரோட இருந்தா மஞ்சளா இருக்குற அந்த சாயம் ஊதாவா மாறும், அதான் கணக்கு. ஆனா சில மூலிகைச் சாறு செல்லே இல்லாம கூட அந்த சாயத்த ஊதாவாக்கிடும், அதனால செல்லு இல்லாத குழியையும் வச்சு பாத்தாங்களான்னு தேடுங்க. கேன்சர் இல்லாத நல்ல செல்லுலயும் போட்டு பாத்தாங்களா? அது இல்லாத ஆராய்ச்சிய நான் நம்பவே மாட்டேன், பாதரசத்த ஊத்தினா எந்த செல்லும் தான் சாகும்.

பாதரசம்னு சும்மா சொல்லல, ரின்சென்னு சொல்ற விலை உயர்ந்த திபெத் மாத்திரைகள் சிலதுல சுத்தி செஞ்ச பாதரசம் சேக்குறாங்க, அதுக்கு த்சோதெல்னு பேரு.

கடைசியா மனுஷங்கள்ல பாத்தாங்களான்னு தேடுங்க. தலாய் லாமாவுக்கு வைத்தியரா இருந்த யேஷி தோண்டன் மருந்தை சான் பிரான்சிஸ்கோவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, பரவிப்போன மார்பக கேன்சர் இருந்தவங்களுக்கு குடுத்து பாத்தாங்க, ரொம்ப சின்ன ஆய்வு, அத வச்சு குணமாகும்னு சொல்லவே முடியாது.

அப்பவும் சாப்பிடணும்னு தோணுச்சுன்னா கீமோவ நிறுத்தாதீங்க, மாத்திரைய அட்டையோட எடுத்துட்டு போய் கேன்சர் டாக்டர்கிட்ட காட்டுங்க, திபெத் வைத்தியர்கிட்ட கீமோ மருந்து பேர எழுதிக் குடுங்க. சித்தி அப்படித்தான் பண்ணாங்க, டாக்டர் திட்டல, ஈரல் டெஸ்ட் மட்டும் எழுதிக் குடுத்தாரு.