குளத்திற்குக் கடன் வாங்கிய குரல்: இயற்கையிலிருந்து பல்லூடகக் கலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பல்லூடகக் கலைஞர்கள் சிலரின் படைப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அண்மையில் என்னைக் கேட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று, உறைபனி படிந்த புல்வெளியில் மெல்ல விடிவதைக் காட்டும் காணொளி. காட்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பின்னணியில், வெம்மையான இரவொன்றில் கத்தும் சுவர்க்கோழிகள் விடாமல் இரைந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றது.

பேட்டரியை ஏற்ற மறப்பது, மெமரி கார்டு நிரம்பிப்போவது, முக்காலியைச் சாய்வாக நிறுத்துவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை நிகழ்ந்தாலே கை திருந்திவிடும். செய்தவருக்கே தெரியாமல் படைப்புக்குள் ஊறிப்போகும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

போன அன்றே பதிவைத் தொடங்குவது

புதிய இடத்திற்குப் போனவுடன் கேமராவை எடுப்பவர்கள், அந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தம் மனத்தில் இருந்த படத்தைத்தான் எடுக்கிறார்கள். குறைந்தது முதல் இரண்டு முறையாவது குறிப்பேட்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காற்று எந்த நேரத்தில் எழுகிறது, நாம் போய் நின்றதும் எந்த ஒலி அடங்குகிறது, அது மறுபடி தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்பனவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்வியே முக்கியமானது. அடங்கிய ஒலி திரும்பும்வரை அங்கே இருப்பது அந்த இடமல்ல, அந்த இடத்தில் நாம் நிற்பதன் விளைவு. கனடிய இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் தம் மாணவர்களுக்காகக் கேட்டல் பயிற்சிகள் பலவற்றை வகுத்தார். ஓரிடத்தில் உட்கார்ந்து காதில் விழும் ஒலிகளை எல்லாம் பட்டியலிடுவது அவற்றுள் மிக எளியது. எளியதுதானே என்று தள்ளிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

இந்தத் தவற்றைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் பெரும்பாலும் என்மேல்தான்.

ஒரு குளத்தின் விடியலை மூன்று திரைகளில் காட்டும் நிறுவல் (பார்வையாளர் நடுவே நின்று பார்க்கும் கலையமைப்பு) ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். பதினொரு நாள் இருட்டோடு எழுந்து போய்ப் படம் பிடித்தேன். வெளிச்சத்திற்காக எவ்வளவோ பாடுபட்ட நான், ஒலிக்குக் கேமராவிலேயே இருந்த மைக்கை நம்பினேன். வீட்டுக்கு வந்து கேட்டால், காற்றின் இரைச்சலும் தொலைவில் செல்லும் வண்டிகளின் உறுமலும் லென்ஸ் குவியும்போது எழும் முணுமுணுப்பும்தான் பதிவாகியிருந்தன. நான் கவலைப்படவில்லை. இணையத்திலிருந்த ஓர் ஒலி நூலகத்திலிருந்து தவளை, நாணற்பறவை, நீர்ச்சலசலப்பு என்று மூன்று கோப்புகளை இறக்கி, அளவு பார்த்து அடுக்கினேன். கேட்க இனிமையாகவே இருந்தது.

காட்சிக்கு வைத்த மூன்றாம் நாள், முதியவர் ஒருவர் திரைகளுக்கு நடுவே கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். படைப்பில் லயித்துவிட்டார் என்று நினைத்து அருகில் போனேன். அவர் மிகவும் பணிவாகக் கேட்டார்: “இந்தப் பறவை உப்பங்கழிகளில் அல்லவா வாழும்? உங்கள் குளத்திற்கு எப்படி வந்தது?” என்னிடம் பதில் இல்லை. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் மூன்று திரைகளையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த முறை அவர் பார்வையில் இருந்தது சந்தேகம். பதினொரு நாள் விழித்து எடுத்த படங்கள் முழுக்க உண்மையானவை. ஆயினும் பொய்யான ஓர் ஒலி அவற்றையும் பொய்யாக்கிவிட்டது.

இது நான் ஒருவன் மட்டும் செய்த பிழையன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சிறிய தவளை இனம் ஒன்றின் ஈரசைக் குரல், ஹாலிவுட்டுக்கு அருகில் எளிதாகப் பதிவு செய்யக் கிடைத்தது என்பதனாலேயே, உலகின் எந்தக் காட்டைக் காட்டும் திரைப்படத்திலும் தவளையின் குரலாக ஒலித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கூக்கபரா என்ற பறவை சிரிப்பது போன்ற தன் குரலோடு ஆப்பிரிக்கக் காடுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. திரைப்படத்தில் பார்வையாளர் இதைப் பொறுத்துக்கொள்வார், ஏனெனில் அங்கே அவர் கதையைப் பார்க்க வந்திருக்கிறார். இயற்கையைப் பார்த்துச் செய்தது என்று நாம் சொல்லிக் காட்டும் படைப்பில் அந்தச் சலுகை நமக்கு இல்லை.

இயற்கை ஒலி எப்போதும் இடத்தையும் நேரத்தையும் தன்னுள் சுமந்துகொண்டிருப்பது. சுவர்க்கோழி கத்தும் வேகத்திற்கும் அன்றைய வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க இயற்பியலாளர் அமோஸ் டோல்பியர் 1897-இல் ஒரு சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். ஆகவே உறைபனிப் புல்வெளியின்மேல் விரைந்து கத்தும் சுவர்க்கோழியை வைப்பது, குளிர்காலப் படத்தின் மூலையில் கோடையின் வெப்பநிலையை எண்ணால் எழுதி வைப்பதற்குச் சமம். ஓரிடத்து உயிர்கள் ஒன்றின் குரலை மற்றொன்று மறைக்காதபடி வெவ்வேறு அலைவரிசைகளையும் நேரங்களையும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ் முன்வைத்த கருத்து. அது எல்லா இடங்களுக்கும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்திற்குரியது. ஆனால் மூன்று இடங்களில் பதிவான மூன்று ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏன் நெரிசலாகக் கேட்கிறது என்பதை அது எனக்குப் புரியவைத்தது.

குளத்திற்குத் திரும்பிப் போனேன். அதற்குள் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓராண்டு போனது. அந்த ஓராண்டின் முடிவில், நீருக்கடியில் ஒலி பதியும் ஹைட்ரோபோனை இறக்கிக் கேட்டபோதுதான் என் இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. விடியற்காலையில் அந்தக் குளத்தில் தவளைகளே கத்தவில்லை. நீருக்குமேல் நாணல்கள் உரசும் ஒலி மட்டும் இருந்தது. நீருக்குக் கீழே, தம் உடலின் ஒரு பகுதியை மற்றொன்றின்மேல் உரசிப் பாடும் நீர்ப்பூச்சிகள் இரைந்துகொண்டிருந்தன. கதிரவன் மேலே வர வர, நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் வெளிவிடும் குமிழிகள் டிக், டிக் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கி, பிறகு ஒன்றையொன்று முந்திக்கொண்டு பெருகின. வெளிச்சம் வருவதை அந்தக் குளம் ஒலியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று திரைகளில் எது எப்போது ஒளிர வேண்டும் என்று நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை அந்தக் குமிழிகளில் இருந்தது. நூலகத்து ஒலி படைப்பின் நம்பகத்தைக் கெடுத்தது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். படைப்பையே என்னிடமிருந்து அது மறைத்திருந்தது.

ஆகவே முதலில் ஒலியைப் பதியுங்கள், பிறகு படத்தை. பதிவுக்கருவியைத் தனி முக்காலியில் வைத்து, மைக்குக்கு ரோம உறையிட்டு, 24 பிட்டில், ஒலிமட்டத்தைத் தாழ்வாக வைத்து ஓடவிட்டு, அங்கிருந்து விலகிச் செல்லுங்கள். நாம் மூச்சுவிடுவதும் உடை சலசலப்பதும் நாம் நினைப்பதைவிட உரக்கவே கேட்கும். தொடங்கும்போது தேதி, நேரம், இடம் ஆகியவற்றை மைக்கில் உரக்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக்கிக் கேட்கும் எண்ணமிருந்தால், நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுக்கும் 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மனிதக் காதுக்கு எட்டாத மேல் அலைவரிசைகள் அப்போதுதான் பதிவில் மிஞ்சும், மைக்கும் அவற்றைப் பிடிக்கக்கூடியதாக இருந்தால்.

நூலக ஒலியைத் தொடவே கூடாதா என்று கேட்பார்கள். கற்பனை நிலம் ஒன்றை உருவாக்குகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது கற்பனை நிலம் என்று பார்ப்பவருக்கும் தெரியட்டும்.

தானியங்கி அமைப்புகளை அப்படியே விடுவது

அமைதி நிலவும்போது தானியங்கி ஒலிமட்டம் கருவியின் உள்ளிரைச்சலைத் தூக்கிவிடும். பறவை கூவியதும் அமுக்கிவிடும். நிறச் சாயலைச் சமன்செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், விடியலின் நீலத்தைப் பிழையென்று கருதித் திருத்திவிடும். இடைவெளிவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் டைம்லாப்ஸில், ஒளியளவைத் தீர்மானிக்கும் தானியங்கி எக்ஸ்போஷர் படத்துக்குப் படம் துடிக்கும். மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

ட்ரோன்

கூடு கட்டும் பருவத்தில் வேண்டவே வேண்டாம்.

எங்கும் பொன் விகிதத்தைக் காண்பது

இயற்கையிலிருந்து வடிவம் எடுக்கிறோம் என்று சொல்பவர்கள் முதலில் வரைவது நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓட்டுச் சுருள்; அடுத்துச் சொல்வது அது பொன் விகிதம் (ஏறத்தாழ 1.618) என்பது. நாட்டிலஸ் ஓடு மடக்கைச் சுருள்தான், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் விரிவது; ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்குதான் விரிகிறது. பொன் விகிதச் சுருளோ அதே சுற்றில் 6.85 மடங்கு விரியும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பொருந்தாது. சூரியகாந்தியின் விதை அடுக்கில் பொன் விகிதத்திலிருந்து பிறக்கும் 137.5 பாகைக் கோணம் உண்மையாகவே இருக்கிறது, வேண்டுமானால் அதிலிருந்து தொடங்குங்கள். கையில் ஓட்டை வைத்துக்கொண்டு அளந்து பார்க்காமல் நினைவிலிருக்கும் வாசகத்தை வரைகிறவர், இயற்கையிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்பதே என் எண்ணம்.

தாறுமாறாக அசைந்தால் இயல்பாக இருக்கும் என்று நம்புவது

கணினி நிரல் எழுதித் திரையில் இலைகளை அசைப்பவர்கள், ஒவ்வொரு கணத்திற்கும் ஒரு சமவாய்ப்பு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். இலை நடுங்குகிறதே தவிர அசைவதில்லை, ஏனெனில் காற்றில் இந்தக் கணம் முந்தைய கணத்தின் தொடர்ச்சி. நிரலில் அந்தத் தொடர்ச்சி இல்லை. கணினி வரைகலையாளர் கென் பெர்லின் 1980-களில் உருவாக்கி இன்று அவர் பெயராலேயே வழங்கும் நாய்ஸ் முறை, அக்கம்பக்கத்து எண்களை வழுவழுப்பாக இணைத்து இந்தக் குறையைத் தீர்த்தது. பறவைக் கூட்டத்திற்கு அதுவும் போதாது. நெருங்கினால் விலகு, அருகிலிருப்போரின் திசையில் பற, அவர்களின் நடுவை நோக்கிச் செல் என்ற மூன்று விதிகளால் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-இல் கூட்டப் பறத்தலைக் கணினியில் கொண்டுவந்தார். அவற்றை எழுதியபின் மாலையில் வெளியே போய் உண்மையான கூட்டத்தைப் பாருங்கள். உங்கள் நிரலின் பறவைகளுக்கு எதைக் கண்டும் அச்சமில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

பல்லூடகம் என்பதால் எல்லா ஊடகங்களையும் திணிப்பது

கலைஞர் ஓலாஃபர் எலியாசன் 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில் ஒரு சூரியனை எழுப்பினார். ஒற்றை நிற விளக்குகளாலான அரைவட்டம், கூரையில் கண்ணாடி, காற்றில் மெல்லிய மூட்டம், அவ்வளவுதான். கண்ணாடி அரைவட்டத்தை முழுவட்டமாக்கியது. விளக்குகளின் ஒளி ஏறத்தாழ மஞ்சளைத் தவிர மற்ற நிறங்களை விழுங்கிவிட்டது. நம்மில் பலருக்கு அதை ஒப்படைத்திருந்தால் ஒரு பறவைக் குரலையும் இரண்டு கவிதை வரிகளையும் சேர்த்திருப்போம்.

பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்புவது

அது தன் எல்லையைக் காக்க வருகிறது, உங்கள் படத்தில் நடிக்க வரவில்லை. செய்யாதீர்கள்.

நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

தேதி, நேரம், நின்ற இடம், வெப்பநிலை, காற்று. அன்றிரவே எழுதுங்கள். குளத்தின் முதல் பதினொரு நாட்களில் ஏழு நாட்களுக்கு என்னிடம் குறிப்பே இல்லை; அந்தப் படங்களை எந்த ஒலியோடு சேர்ப்பது என்று தெரியாமல் இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன்.