நாஸ் கனெக்ட் ஆகலையா? மலைல நம்மாளுங்க அடிக்கடி பண்ற தப்புகள்

ஜூன், ஜூலைன்னா கூடலூர், மஞ்சூர் பக்கம், அக்டோபர், நவம்பர்னா குன்னூர், கோத்தகிரி பக்கம், மழையும் காத்தும் சேந்து அடிச்சா எங்கயாச்சும் ஒரு மரம் சாயும், அதோட ஃபைபர் வயரும் போகும். அன்னைக்கு சாயங்காலமே "அண்ணா, நாஸ் ஓப்பன் ஆகல, ஹார்ட் டிஸ்க் போயிருச்சு போல"ன்னு யாராச்சும் போன் பண்ணுவாங்க. நாஸ்னா வீட்டு நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்கற ஹார்ட் டிஸ்க் பெட்டி. போட்டோகிராபர், ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க, வீட்ல இருந்து ஐடி வேலை பாக்கறவங்கன்னு இப்ப மலைல நாஸ் வாங்கி வெச்சவங்க நெறைய பேரு, ஆனா கனெக்ஷன் போச்சுன்னா முதல்ல எதைப் பாக்கணும்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே நேரத்துல நோண்டி, சின்னப் பிரச்சனைய பெருசாக்கிடறாங்க.

வெளிய இன்டர்நெட் இல்லைன்னா நாஸும் வராதுன்னு நெனைக்கறதுதான் முதல் தப்பு. உங்க லேப்டாப், ரௌட்டர், நாஸ் மூணும் ஒரே வீட்ல இருக்கு, அதுங்க ஒன்னுக்கொன்னு பேசிக்க வெளி லைன் எதுக்கு? ஃபைபர் பாக்ஸ்ல சிவப்பு லைட் எரிஞ்சாலும் ரௌட்டருக்கு கரண்ட் இருந்தா போதும், ஃபைல் எடுக்கலாம். ஆனா போன் ஆப்ல சினாலஜிங்கற நாஸ் கம்பெனியோட குயிக்கனெக்ட் ஐடி போட்டு லாகின் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா அது கம்பெனி சர்வர் வழியா விசாரிச்சுட்டுத்தான் உங்க பெட்டியைத் தேடும், அதனால நெட் இல்லாதப்ப வராது. அதே ஆப்ல நாஸோட லோக்கல் ஐபி, அதாவது வீட்டு நெட்வொர்க்குள்ள அதுக்கு இருக்கற நம்பரைப் போட்டுப் பாருங்க, வந்துரும். பாதிப் போன் கால் இதோட முடிஞ்சிரும்.

அடுத்தது கரண்ட் போய் வந்த பின்னாடி நடக்கற கூத்து. நாஸுக்கு ஐபி அட்ரஸ் குடுக்கறது ரௌட்டர்ல இருக்கற டிஹெச்சிபி, சாதா ரௌட்டர் நெறைய ஆஃப் ஆகி ஆன் ஆனா யாருக்கு என்ன குடுத்தோம்னு மறந்துட்டு புதுசா குடுக்க ஆரம்பிக்கும், நேத்து வரைக்கும் நாஸ் இருந்த நம்பர்ல இன்னைக்கு டிவி உக்காந்திருக்கும், நீங்க லேப்டாப்ல பழைய நம்பரையே தட்டிட்டு நாஸ் செத்துப்போச்சும்பீங்க. ரௌட்டர் பேஜுக்குள்ள போய் கனெக்ட் ஆன சாதனங்க லிஸ்ட்டைப் பாத்தா நாஸ் வேற நம்பர்ல சும்மா ஜாலியா ஓடிட்டிருக்கும். இதுக்கு நிரந்தர வழி, அதே ரௌட்டர்ல நாஸோட மேக் அட்ரஸுக்கு (அந்தப் பெட்டிக்குன்னே இருக்கற அடையாள நம்பர்) ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணி வெக்கறது. சில பேரு அதைச் செய்யாம நாஸுக்குள்ள போய் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத நம்பர் போடறாங்க, அதுவும் ரௌட்டர் மத்தவங்களுக்குக் குடுக்கற நம்பர் வரிசைக்குள்ளயே போட்டுடறாங்க, ஒரு நாள் அதே நம்பர் விருந்தாளி போனுக்குப் போகும், ரெண்டும் முட்டிக்கும், அஞ்சு நிமிஷம் வரும் அஞ்சு நிமிஷம் வராது. இந்த மாதிரி விட்டு விட்டு வர்றது இருக்கே, முழுசா வராததை விட இதான் தலைவலி.

நாஸோ லேப்டாப்போ 169.254ன்னு ஆரம்பிக்கற நம்பரைக் காட்டுச்சுன்னா ரௌட்டர்கிட்ட இருந்து பதிலே வரலன்னு அர்த்தம், தானா ஒரு நம்பரை எடுத்துக்கிச்சு. அப்ப சாஃப்ட்வேர் செட்டிங் எதையும் தொடாதீங்க, நேரா வயரைப் பாருங்க.

வயர்தான் மலைல பெரிய கதை. பளபளன்னு புது நாஸுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவாங்க, லேன் வயர் மட்டும் மீட்டருக்கு அஞ்சு ரூவா கம்மின்னு அலுமினியத்து மேல செம்பு பூசினதை வாங்குவாங்க. இங்க மஞ்சு இறங்கற மாசத்துல சுவரே ஈரமா இருக்கும், ஜன்னலோரம் போன கனெக்டர்ல செம்பு பச்சை பூத்துரும், பாக்க லைட் எரியும், ஆனா வேகம் இருக்காது. ஒரு வயருக்குள்ள நாலு ஜோடி கம்பி இருக்கு, ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேணும், ஒன்னு அந்துபோனா கூட பெரும்பாலும் தானா 100 மெகாபிட்டுக்கு இறங்கிரும், அதுக்கு ரெண்டு ஜோடி போதும். அப்ப ஃபைல் காப்பி வினாடிக்கு 11, 12 எம்பிலயே நிக்கும், நல்லா இருந்தா 110 கிட்ட வரணும். வேகம் சரியா அந்த 11, 12ல போய் நிக்குதுன்னா நாஸைத் திட்டாதீங்க, டிஸ்க்கை மாத்தாதீங்க, முதல்ல வயரை மாத்துங்க. சும்மா ஒரு சின்ன வயரைப் போட்டு நாஸை ரௌட்டர் பக்கத்துலயே கொண்டுபோய் வெச்சுப் பாத்தாலே யார் மேல தப்புன்னு தெரிஞ்சிரும்.

ஹோம்ஸ்டேக்காரங்க பண்றது இன்னொன்னு, மெயின் வீட்ல இருந்து காட்டேஜுக்கு மரத்து மேல லேன் வயரை இழுக்கறது. 100 மீட்டருக்கு மேல செம்பு லேன் வயரை நம்ப முடியாது, சரிவுல வளைஞ்சு வளைஞ்சு போறப்ப அந்த 100 மீட்டர் சீக்கிரம் தீந்துரும். தூரம் பத்துனாலும் ஏப்ரல், மே இடி மழைல ஒரு மின்னல் பக்கத்துல விழுந்தா அந்தச் செம்பு வழியா வந்து நெட்வொர்க் சுவிட்ச் (பல லேன் வயரைச் சேக்கற பெட்டி) போர்ட்டையும் நாஸ் போர்ட்டையும் சேத்து எரிச்சிரும். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஃபைபர் போட்டு ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் வயரோட சேக்கற சின்னப் பெட்டி) வெக்கறதுதான் சரி, அதுலயும் தாங்கறதுக்கு ஸ்டீல் கம்பி வெச்ச ஃபைபரா இருந்தா அந்தக் கம்பிய உள்ள வரைக்கும் இழுத்துட்டு வராம வெளியவே வெட்டி விடச் சொல்லுங்க. இடிக்கு அப்புறம் லைட்டே எரியலன்னா சுவிட்ச்ல வேற ஓட்டைல குத்திப் பாருங்க, ஒரு போர்ட் மட்டும் போயிருக்கறது சாதாரணம். நாஸ்ல ரெண்டு லேன் போர்ட் இருந்தா அதையும் மாத்திப் பாருங்க.

வைஃபைக்கு வருவோம். பழைய பங்களாவோட கருங்கல் செவுரு இருக்கே, 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டாது, அதுக்காக நடுவுல இன்னொரு ரௌட்டரை வாங்கி அப்படியே மாட்டிருவாங்க. இப்ப வீட்ல ரெண்டு ரௌட்டர் ரெண்டு தனித்தனி நெட்வொர்க், நாஸ் லைன்காரங்க குடுத்த பெட்டில 192.168.1ல, லேப்டாப் புது ரௌட்டர்ல 192.168.0ல. யூட்யூப் ஓடும், அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு தோணும், ஆனா விண்டோஸ்ல நெட்வொர்க்னு போட்டா நாஸ் லிஸ்ட்லயே வராது. ரெண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் போடாம வைஃபை மட்டும் குடுக்கற மோடுக்கு மாத்தினா தீந்துச்சு. அதே மாதிரி கெஸ்ட் வைஃபைல இருந்துக்கிட்டு நாஸைத் தேடாதீங்க, உள்ள இருக்கறதைக் காட்டக் கூடாதுன்னுதான் அதை வெச்சிருக்கறதே.

வீட்ல இருந்து வேலை பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஆஃபீஸ் நெட்வொர்க்கோட இணைக்கற விபிஎன் ஓடிட்டிருந்தா பல கம்பெனில வீட்டு நெட்வொர்க்கையே மறைச்சிருவாங்க. பகல்ல நாஸ் வராது, ராத்திரி வரும், இவங்க வெயில் குளிர்னு காரணம் தேடிட்டிருப்பாங்க. விபிஎன்னை ஆஃப் பண்ணிட்டு நாஸ் நம்பரை பிங் பண்ணிப் பாருங்க, அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்கற கமாண்ட் அது.

பிங் வருது, ஆனா ஃபோல்டர் ஓப்பன் ஆகலையா? அப்ப வயர், வைஃபை எல்லாம் சரியா இருக்கு, பிரச்சனை சாஃப்ட்வேர்ல இருக்கு, மறுபடி ரௌட்டரை ரீஸ்டார்ட் பண்றதுல புண்ணியம் இல்ல. \\192.168.1.50ன்னு ஐபியையே அட்ரஸ் பார்ல போட்டுப் பாருங்க, அதுல வந்தா பேரு தேடறதுலதான் கோளாறு. விண்டோஸ் 11ல 24ஹெச்2 அப்டேட் வந்த பின்னாடி ப்ரோ போட்டவங்க நெறைய பேருக்கு பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஃபோல்டர் ஓப்பன் ஆகல, ஏன்னா அதுல இருந்து எஸ்எம்பி (நெட்வொர்க்ல ஃபைல் பகிர விண்டோஸ் பேசற முறை) சைனிங், அதாவது வர்ற தகவல் ஒவ்வொன்னுலயும் கையெழுத்து சரிபாக்கறது கட்டாயம். உடனே எங்கயோ படிச்சுட்டு பழைய எஸ்எம்பி 1ஐ ஆன் பண்றாங்க பாருங்க, அதை மட்டும் வேண்டாம். 2017 மே மாசம் உலகம் பூரா வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) பரவினதே அந்த எஸ்எம்பி 1ல இருந்த ஓட்டை வழியாத்தான். நாஸ்ல ஒரு யூசர், பாஸ்வேர்ட் போட்டு, எஸ்எம்பி 2, 3ஐ மட்டும் வெச்சு லாகின் பண்ணுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

பாஸ்வேர்டை மாத்தினீங்கன்னா விண்டோஸ்ல பாஸ்வேர்டை சேமிச்சு வெக்கற கிரெடென்ஷியல் மேனேஜர்ல பழசை அழிச்சிருங்க. இல்லைன்னா அது பின்னாடி இருந்து பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பும், நாஸ் யாரோ திருடன்னு நெனைச்சு உங்க லேப்டாப் ஐபியையே பிளாக் பண்ணிரும். போன்ல வருது, டேப்ல வருது, ஒரே ஒரு லேப்டாப்ல மட்டும் வரலன்னா முதல் சந்தேகம் இதுதான். போன்ல இருந்து நாஸ் அட்மின் பேஜுக்குப் போய் பிளாக் லிஸ்ட்ல இருந்து எடுத்து விடுங்க.

ஜம்போ ஃபிரேம்னு ஒன்னு இருக்கு, டேட்டாவைப் பெரிய பெரிய பொட்டலமா அனுப்பறது, வேகம் கூடும்னு வீடியோல பாத்துட்டு நாஸ்ல மட்டும் 9000னு போடாதீங்க. சுவிட்ச், லேப்டாப் எல்லாத்துலயும் ஒத்துப்போகலன்னா சின்ன ஃபைல் வரும், பெருசு தொங்கும். 1500லயே விடுங்க.

எதுவும் ஓடலன்னா பின்னாடி இருக்கற ரீசெட் ஓட்டைல குண்டூசிய வெச்சு அமுக்கறாங்க, எவ்ளோ நேரம் அமுக்கறோம்ங்கறதுதான் அங்க விஷயம். சினாலஜில ஒரு பீப் வர வரைக்கும், சுமாரா 4 வினாடி, புடிச்சா அட்மின் பாஸ்வேர்ட், நெட்வொர்க் மாதிரி சில செட்டிங் மட்டும் பழசுக்குப் போகும், க்யூநாப் கம்பெனி நாஸ்ல அதுக்கு 3 வினாடி. அதுக்கு மேல புடிச்சா வேற லெவல் ரீசெட். மாடலோட கையேட்டைப் பாக்காம கை வெக்காதீங்க, அதை விட மோசம் ஓடிட்டிருக்கறப்ப டிஸ்க்கை உருவி மாத்தி மாத்தி சொருகறது. நெட்வொர்க் பிரச்சனைக்கு டிஸ்க்கைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது.

கடைசியா, கோயம்புத்தூர்லயோ சென்னைலயோ இருந்துக்கிட்டு வீட்டு நாஸ் வரலன்னு சொல்றவங்க. ரௌட்டர் பேஜ்ல வேன் ஐபிய (வெளி லைன் பக்கம் ரௌட்டருக்கு இருக்கற நம்பர்) பாருங்க, 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா உங்க லைன்காரங்க பல வீட்டுக்கும் சேத்து ஒரே வெளி ஐபி வெச்சிருக்காங்க, நீங்க எவ்ளோ போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றதை நாஸுக்குத் திருப்பி விடறது) பண்ணாலும் உள்ள வராது. அப்படி இல்லாம வந்தாலும் அட்மின் பேஜை நேரா வெளிய திறந்து விடறது ஆபத்து, 2022 ஜனவரில டெட்போல்ட் ரான்சம்வேர் அப்படி வெளிய தெரிஞ்ச க்யூநாப் பெட்டிங்களைத்தான் பூட்டுச்சு. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப்பை நாஸ்லயும் போன்லயும் போட்டுக்கோங்க, போர்ட் எதையும் திறக்காமலே வேலை நடக்கும். கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற ஆப்ஷனை நாஸ் செட்டிங்ல டிக் பண்ணிட்டுக் கிளம்புங்க, மழைல கரண்ட் போய் வந்துச்சுன்னா நாஸோட பவர் பட்டனை அமுக்கி விட வீட்ல ஆள் இருக்காது.