கல்லூரி நூலகத்தை கோஹாவுக்கு மாற்றுவது எப்படி: தமிழ் நூல்கள் தேடலில் தொலையாமல் இருக்க

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய மென்பொருளை விட்டு கோஹாவுக்கு மாற நினைக்கும் கல்லூரி நூலகங்களுக்கான வழிகாட்டி இது. 2000-இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்தில் ஓடத் தொடங்கிய கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருள் கோஹா. உரிமக் கட்டணம் இல்லை. நிறுவும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். வாரக்கணக்கில் இழுப்பது தரவுதான், அதிலும் தமிழ்த் தலைப்புகள். புத்தகம் அலமாரியில் இருக்க, திரையில் 'முடிவு இல்லை' என்று வந்தால் மாணவர் திரும்பிப் போய்விடுவார். அதனால் தமிழ்த் தரவுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

மாற்றத்தை மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் மழையும் மின்தடையும் தேர்வும் சேர்ந்து வரும்.

படி 1: தரவை வெளியே எடுங்கள்

பழைய மென்பொருள் மார்க் 21 (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் பன்னாட்டு வடிவம்) கோப்பாகத் தந்தால் நல்லது. இல்லையென்றால் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு. கிடைத்த கோப்பின் ஒரு நகலைத் தொடாமல் தனியே வையுங்கள். சிஎஸ்வியை எக்ஸலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். 00452 என்ற பதிவேட்டு எண் 452 ஆகிவிடும். 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78 என்று சுருங்கி, அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து, எழுத்துக்குறி முறையில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று குறியுங்கள்.

படி 2: தமிழை யூனிகோடாக்குங்கள்

தலைப்பு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா என்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறினால் பாமினி, டேம், டேப் போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்தது. மாற்றிச் செயலியில் போடுமுன் ஆங்கில நூல்களின் வரிசைகளைக் கட்டாயம் பிரித்தெடுங்கள். பாமினி மாற்றிக்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாது. ஆங்கிலத் தலைப்பையும் அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். ஒரே தலைப்பில் இரண்டு மொழியும் கலந்திருந்தால் கையால்தான் திருத்த வேண்டும்.

யூனிகோடான பிறகும் வேலை முடியாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கும். 'ஔவையார்' என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாலும் அடிக்கலாம், ஒ, ள என இரண்டெழுத்தாலும் அடிக்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'கௌதமன்', 'மௌனம்' போன்றவற்றுக்கும் இதே கதி. ஆனால் 'ஒள' எல்லாவற்றையும் ஒரேயடியாக 'ஔ' என்று மாற்றிவிடாதீர்கள், 'ஒளி' கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஸ்ரீ என்பதற்கும் யூனிகோடில் இரண்டு வழி உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. நூலகம் முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

ஆசிரியர் பெயர்களுக்கு ஓபன்ரிஃபைன் நல்ல கருவி. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் பெயர்களைக் குழுவாகக் காட்டும். முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டது, விடாதது, முற்றுப்புள்ளி மறந்தது எல்லாம் அதில் சிக்கும். ஒன்றாக்கும் முன் நூலை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரே பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் இருப்பது தமிழில் அபூர்வமல்ல.

படி 3: குறியீடுகள், பிறகு மார்க்

கோஹாவில் முதலில் நூலகக் குறியீடு, நூல் வகை, உறுப்பினர் வகை மூன்றையும் உருவாக்குங்கள். தரவில் உள்ள குறியீடு இவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறகு மார்க் கோப்பு உருவாக்கும் மார்க்எடிட் என்ற கருவியில் நெடுவரிசைகளைப் புலங்களோடு இணையுங்கள்: ஐஎஸ்பிஎன் 020, ஆசிரியர் 100, தலைப்பு 245, பதிப்பக விவரம் 260. பார்கோடு, கால் நம்பர் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்), சொந்த நூலகம், தற்போதைய நூலகம், நூல் வகை ஆகியவை பிரதி விவரங்களுக்கான 952-க்குப் போகும். 008 புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள இடம் மொழிக் குறியீட்டுக்கு உரியது. பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்திருக்கும் புதுச்சேரி நூலகத்தில் அதை வெறுமையாக விட்டால் மொழிவாரியாக வடிகட்டித் தேட முடியாது.

படி 4: 200 பதிவுகளோடு ஒத்திகை

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, பல தொகுதி நூல்கள், பருவ இதழ்க் கட்டுகள் எனக் கலந்து 200 பதிவுகளை எடுங்கள். கோஹாவில் கோப்பு முதலில் இடைநிறுத்தப் பகுதிக்கு வரும். அங்கே பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அந்தத் தொகுப்பை முழுதாகத் திரும்பப் பெறலாம். ஏற்றியதும் வரும் அறிக்கையில் 'பார்கோடு இரட்டிப்பு' எண்ணிக்கையைப் பாருங்கள். அவை ஏறாமல் விடுபட்ட பிரதிகள். ஒவ்வொன்றையும் அலமாரியில் சரிபார்த்துத்தான் தீர்க்க முடியும்.

படி 5: தேடலைச் சோதியுங்கள்

பெரும்பாலும் தவறவிடப்படும் படி இதுதான். கோஹாவின் ஸீப்ரா தேடுபொறி, தமிழுக்குச் சரியாக வேலை செய்ய, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்கப்பட வேண்டும். அமைத்தபின் தேடல் அட்டவணையை முதலிலிருந்து மறுபடி உருவாக்க வேண்டும். உருவாக்காவிட்டால் பழைய தேடல்தான் தொடரும்.

மாற்றுப் பெயர்களும் முக்கியம். 'ஆனந்தரங்கப் பிள்ளை' என்றும் 'அனந்தரங்கம் பிள்ளை' என்றும், சேர்த்தும் பிரித்தும் தேடுவார்கள். 'பாரதிதாசன்' என்ற பெயரின் கீழ் அவரது இயற்பெயர் 'கனகசுப்புரத்தினம்' இருக்க வேண்டும். இவற்றைப் பெயர்ப் பதிவின் (ஒவ்வொரு ஆசிரியர் பெயருக்கும் தனியே வைக்கும் பதிவு) 400 புலத்தில் சேர்த்து, மாற்றுப் பெயர்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பை இயக்கி, மீண்டும் ஒருமுறை அட்டவணையை உருவாக்குங்கள். நூலின் மாற்றுத் தலைப்புகளுக்கு 246. ஒற்று மிகுந்தும் மிகாமலும் ('தமிழ்ப் பண்பாடு', 'தமிழ் பண்பாடு') இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள். சோதிக்க உட்காருபவர் நூலக ஊழியராக இருக்கக் கூடாது. முதலாண்டு மாணவர் ஒருவரை அழையுங்கள்.

படி 6: உறுப்பினர், இரவல், மாறும் நாள்

உறுப்பினர் கோப்பு எளிது. இரவல் விதிகளையும் விடுமுறை நாட்காட்டியையும் அமைத்தபின் இரவல்களைப் பதியுங்கள். வரிசை மாறினால் கெடு தேதியும் அபராதமும் தப்பாகும். முடிந்தவரை எல்லா நூல்களையும் திரும்பப் பெற்றுவிட்டு மாறுவதே நிம்மதி.

பழைய மென்பொருளை ஒரு பருவம் முழுக்கப் பார்வைக்கு மட்டும் வைத்திருங்கள். ஓபேக் (வாசகர் நூல் தேடும் பட்டியல்) கணினி அருகே ஒரு நோட்டை வைத்து, கிடைக்காத தேடலை எழுதச் சொல்லுங்கள். திருத்த வேண்டிய பதிவுகள் அதிலிருந்தே தெரியவரும்.

சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த கடற்கரை இது. தினசரி காப்புநகலில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் அந்த நகலை வேறொரு கணினியில் மீட்டு, பத்து தமிழ்த் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள்.