258 குறைந்தது: செஸ் என்ஜினில் பக் பிடித்த கதை

செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் ப்ரோகிராம், எழுதுகிறவர்கள் முதலில் அதோடு நாலு ஆட்டம் ஆடிப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம் ஆடியும் ஒரு குறை கண்ணில் படவில்லை, அப்புறம் எண்ண வைத்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

எண்ணுவதற்குப் பெயர் பெர்ஃப்ட். ஒரு நிலையிலிருந்து இத்தனை நகர்வு ஆழத்துக்கு விதிப்படி எத்தனை வழியில் போகலாம் என்று எண்ணும் குட்டி ஃபங்ஷன். ஆரம்ப நிலையில் 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பக்தான்.

எனக்கு நாலு வரை சரி, ஐந்தில் 48,65,351. அதாவது 258 குறைவு. ஐந்தாவது ஆழத்தில்தான் 'என் பாசான்' (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் விதி; பெயர் பிரெஞ்சு) முதல்முறை வரும், அதை எழுதாமல் விட்டால் மிகச்சரியாக இவ்வளவுதான் குறையும். (பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரன் இதைப் போய் மறந்தேன், வெளியே சொல்ல வெட்கம்.)

எண் தப்பினால் ப்ரோகிராமை முறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் நகர்வு ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை என்று தனித்தனியாக அச்சிடுங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச என்ஜினில் 'கோ பெர்ஃப்ட் 5' என்று அடித்தால் அதே பட்டியல் வரும். ஒட்டாத நகர்வை ஆடி, ஆழத்தில் ஒன்று குறைத்து, மறுபடி ஒப்பிடுங்கள். ஆழம் 1 வரும்போது எது விட்டுப்போனது, எது அதிகம் என்று பலகையிலேயே தெரிந்துவிடும்.

ஆரம்ப நிலை மட்டும் போதாது. அதில் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது) ஏழாவது ஆழத்தில்தான் தலைகாட்டும். கிவிபீட் என்ற சோதனை நிலையை ஓட்டுங்கள்: 48, 2,039, 97,862, 40,85,603. யானை நின்ற இடத்திலேயே வெட்டுப்பட்ட பிறகும் கேஸ்லிங் உரிமையை எடுக்காத பக் இங்கே நாலாவது ஆழத்தில் மாட்டும்.

என்னை மூன்று ராத்திரி தூங்கவிடாதது வேறு. ஏ5-இல் வெள்ளை ராஜா, பி5-இல் அவன் சிப்பாய், எச்5-இல் கறுப்பு யானை. கறுப்புச் சிப்பாய் சி7-இலிருந்து சி5-க்குத் தாவுகிறது. நடுவில் இரண்டு சிப்பாய் இருப்பதால் என் ப்ரோகிராம் எதையும் கட்டுண்டதாக (நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் ஆகிவிடும் காயாக) நினைக்கவில்லை, ஆனால் என் பாசானில் இரண்டும் ஒரே நேரத்தில் அந்த வரிசையை விட்டுப் போய்விட, ராஜா யானைக்கு நேரே நிற்கிறான்! இப்போது என் பாசானை மட்டும் நிஜமாகவே ஆடிப் பார்த்து, ராஜாவுக்குச் செக் என்றால் திருப்பி வைத்துவிடுகிறேன். கொஞ்சம் மெதுவாகிறது, ஆகட்டும்.