பர்மாவுல பிள்ளைக்கு குடியுரிமை கார்டு எடுக்கப் போற தமிழ்க்காரங்க கவனிக்க வேண்டியது

பிள்ளைக்கு 10 வயசானா லவக (குடிவரவு) ஆபீஸ்ல மொத கார்டு, 18ல மாத்தணும், அப்புறம் 30, 45. இந்த வயசு ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா நம்ம தமிழ்ப் பிள்ளைன்னா, அதுவும் முஸ்லிம் பேரா இருந்தா, இழுத்தடிப்பாங்க.

அதனால குடும்ப லிஸ்ட், பிறப்பு சர்டிபிகேட், அப்பா அம்மா கார்டு எல்லாம் முன்னாடியே எடுத்து வைங்க. தாத்தாவோட பழைய மூணு மடிப்பு கார்டு இருந்தா கரையான் அரிச்சிருந்தாலும் தூக்கிப் போட்றாதீங்க, ஏன்னா 1982 குடியுரிமைச் சட்டப்படி 1823க்கு முன்னாடி இங்க இருந்த இனம்னாதான் தானா குடிமகன், அரசாங்கத்தோட 135 இன லிஸ்ட்ல தமிழன் கெடையாது, so தாத்தா 82லயே குடிமகனா இருந்தாருன்னு நாமதான் காட்டணும், காட்டிட்டா, அப்பவே குடிமகனா இருந்தவங்க குடிமகன்தான்னு சொல்ற செக்ஷன் 6 நம்ம பக்கம்.

அடுத்து வார்டு ஆபீஸ் லெட்டர். இதுக்கு சாட்சியா சொந்தக்காரங்கள விட பக்கத்து வீட்டு பர்மாக்காரர கூட்டிட்டு போங்க. கேக்க கசப்பாத்தான் இருக்கும், ஆனா கவுன்டர்ல உக்காந்திருக்க சயா (ஆபீசர் ஐயா) வானத்துலேந்து குதிக்கல, டீக்கடையில நம்மள ‘கலா’ன்னு (இந்தியாக்காரங்கள எளக்காரமா சொல்ற பேரு) கூப்பிடற அதே தெருவுலேந்துதான் வந்தாரு. 1930கள்ல நெல்லு வெல விழுந்து கடன் கட்ட முடியாம கீழ்பர்மா வயல்ல கால்வாசி செட்டியாருங்க கைக்கு போச்சு, அந்த கோவத்துக்கு அடி வாங்கினது வயலே இல்லாத கூலி ஜனமும்தான். அப்புறம் ராணுவம் அந்த வெறுப்ப சட்டமாக்கிச்சு. 2015ல வந்த நாலு ‘இன, மதப் பாதுகாப்பு’ சட்டத்துக்கும் மபதாங்கற புத்த தேசியவாத அமைப்போட பிக்குங்க தெருத்தெருவா கையெழுத்து வாங்கினாங்க, ஜனம் கியூல நின்னு போட்டுச்சு. மேல இருக்கறவன மட்டும் திட்டி என்ன பண்றது?

ஃபார்ம்ல ‘லூம்யோ’ (இனம்), மதம் எழுதற எடத்த எட்டிப் பாருங்க. முஸ்லிம்னா பூர்வீகம் ராம்நாடா இருந்தாலும் கண்ண மூடிட்டு ‘பாகிஸ்தான்’, ‘பெங்காலி’ன்னு போடற பழக்கம் இருக்கு. சண்ட போடாதீங்க, தாத்தா கார்ட நீட்டி “சயா, இதுல இருக்கறபடி எழுதுங்க”ன்னு சொல்லுங்க. தப்பா இருந்தா கையெழுத்து போடாதீங்க.

கார்டு வந்ததும் நம்பர் நடுவுல பிராக்கெட்ட பாருங்க: ‘நைங்’னா முழு குடிமகன், ‘எ’ன்னா அசோசியேட் (இணைக் குடிமகன்), ‘ப்யு’ன்னா மனு போட்டு வாங்கின குடியுரிமை. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ‘நைங்’ இருந்து பிள்ளைக்கு வேற விழுந்திருந்தா அங்கயே நின்னு கேளுங்க, வீட்டுக்கு வந்துட்டா மாத்தறது ரொம்ப கஷ்டம்.